ஊர் பேர் தெரியாத குப்பி ஒன்றுகூட இருக்கக் கூடாது: மருத்துவ ஆய்வு மாதிரிகளைப் பராமரிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

நான் ஆய்வுக்கூட வேலைக்குச் சேர்ந்த புதிதில், ரத்தம் கொடுக்க வந்த ஓர் அம்மா பஞ்சைக் கையில் அழுத்திக்கொண்டே கேட்டார்: "இத எங்கப்பா கொண்டுபோய் வைப்பீங்க?" "ஃப்ரீசர்லம்மா" என்றேன். அதற்கு மேல் எனக்கே தெரியாது. இன்று அவர் கேட்டால் என்னால் இப்படிச் சொல்ல முடியும்: இரண்டாம் ஃப்ரீசர், மூன்றாம் தட்டு, நான்காம் ரேக், பதினேழாம் பெட்டி, இ6 குழி. எப்போது உள்ளே போனது, யார் வைத்தார்கள், எத்தனை முறை வெளியே வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்வேன். இந்தப் பதிலை இன்றைக்கும் பத்து வருடம் கழித்தும் சொல்ல முடிவதுதான் மாதிரிப் பராமரிப்பு. பாலிடெக்னிக் முடித்து ஆய்வு உதவியாளராகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளையும், திடீரென்று "இனி ஃப்ரீசரை நீங்க பாத்துக்குங்க" என்று பொறுப்பு தலையில் விழுந்தவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

நம்மவர்களுக்கு இதில் தனி அக்கறை இருக்க வேண்டும் என்பேன். சிங்கப்பூர்வாசிகளில் இந்தியர்கள் சுமார் 9 விழுக்காடுதான். 100,000 பேரின் மரபணுத் தொகுதியைப் படிக்கும் பிரிசைஸ்-எஸ்ஜி100கே போன்ற திட்டங்கள் இங்கே நடப்பதற்கு ஒரு காரணம், உலகின் மரபணுத் தரவில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையதாக இருப்பது. எண்ணிக்கையில் சிறிய சமூகத்திலிருந்து வந்த ஒரு குப்பி வீணானால், அதை ஈடுகட்ட இன்னொன்று எளிதில் கிடைக்காது.

படி 1: ஒப்புதலைக் காகிதத்திலிருந்து பதிவேட்டுக்குக் கொண்டுவாருங்கள்

மாதிரியின் கதை ஊசி குத்துவதற்கு முன்பே தொடங்குகிறது. இங்கே மனிதத் திசு, ரத்தம் ஆகியவற்றை ஆய்வுக்காகச் சேமிப்பதை 2015ஆம் ஆண்டின் மனித உயிர்மருத்துவ ஆய்வுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. மாதிரிகளைச் சேமித்து ஆய்வுக்குத் தரும் திசு வங்கிகள் பற்றிய பகுதி 2019 நவம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. திசு வங்கி நடத்தும் நிறுவனம் சுகாதார அமைச்சுக்கு அறிவிக்க வேண்டும். மனிதத் திசுவை விற்பதும் வாங்குவதும் குற்றம்.

நடைமுறையில் நான் அடிக்கடி பார்க்கும் குறை வேறு. கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் ஒரு கோப்பில் பத்திரமாக இருக்கும். ஆனால் அந்தப் படிவத்தில் கொடுத்தவர் எதற்குச் சம்மதித்தார் என்பது குப்பியின் பதிவில் இருக்காது. ஐந்து ஆண்டு கழித்து ஒருவர் வந்து "இந்த மாதிரிகளை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பலாமா?" என்று கேட்டால், ஆயிரம் கோப்பைப் புரட்ட வேண்டியிருக்கும். ஆகவே முதல் நாளிலேயே ஒவ்வொருவருக்கும் இவற்றைத் தனித்தனிக் கட்டங்களாகப் பதியுங்கள்: இந்த ஆய்வுக்கு மட்டுமா, எதிர்கால ஆய்வுகளுக்கும் சேர்த்தா, மரபணுச் சோதனைக்குச் சம்மதமா, சிங்கப்பூருக்கு வெளியே அனுப்பலாமா, ஆய்வில் தற்செயலாக நோய் அறிகுறி தெரிந்தால் அவரைத் தொடர்புகொள்ளலாமா, படிவத்தின் எந்தப் பதிப்பில் கையெழுத்திட்டார். ஆம் அல்லது இல்லை என்ற விடை போதும்.

படிவத்தைத் தமிழில் விளக்கும் பொறுப்பு உங்களிடம் வந்தால் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். நம் பெரியவர்கள் "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லிக்கொண்டே போவார்கள். தலையாட்டுவது வேறு, புரிவது வேறு. "இப்ப நான் சொன்னத நீங்க உங்க வார்த்தையில சொல்லுங்கம்மா" என்று கேட்டால் எது விளங்கவில்லை என்று உடனே தெரிந்துவிடும்.

படி 2: ஆளின் பெயர் வேண்டாம், குப்பிக்கு ஒரு பெயர் கொடுங்கள்

ஒருமுறை, படித்து முடித்துப் போய்விட்ட மாணவர் ஒருவர் விட்டுச்சென்ற பெட்டியைத் திறந்தேன். மார்க்கர் பேனாவில் "ராஜ் 1", "ராஜ் 2", "ராஜ் புது" என்று எழுதியிருந்தது. ராஜ் என்பது ரத்தம் கொடுத்தவரா, ஆய்வாளரா என்றுகூடத் தெரியவில்லை. அறுபதுக்கு மேற்பட்ட குப்பிகளை அழிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொன்றும் ஒருவர் கைநீட்டிக் கொடுத்த ரத்தம் என்பதை நினைத்தால் இப்போதும் மனம் கனக்கிறது.

பெயரை அடையாளமாகக் கொள்வது தமிழ்ப் பெயர்களில் இன்னும் ஆபத்து. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயர் ஓர் ஆவணத்தில் முன்னால் வரும், இன்னொன்றில் பின்னால் வரும், மூன்றாவதில் ஒற்றை எழுத்தாகச் சுருங்கியிருக்கும். ஒரே பெயரை ஆங்கிலத்தில் மூன்று நான்கு விதமாக எழுதுகிறோம். அடையாள அட்டை எண்ணைக் குப்பியில் எழுதுவதும் கூடாது. பெயரும் அட்டை எண்ணும் ஒரு தனிக் கோப்பில், பூட்டப்பட்ட இடத்தில், ஒன்றிரண்டு பேர் மட்டும் திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். ஃப்ரீசர் பக்கம் புழங்குவது குறியீட்டு எண் மட்டுமே.

அந்தக் குறியீட்டில் எந்தத் தகவலையும் ஒளித்து வைக்காதீர்கள். நோய், இனம், தேதி எல்லாம் பதிவேட்டில் இருக்கட்டும். நீளம் ஒரே அளவாக இருக்கட்டும். சுழியத்தோடும் ஒன்றோடும் குழம்பும் ஆங்கில எழுத்துகளைத் தவிருங்கள். கடைசியில் ஒரு சரிபார்ப்பு எழுத்து சேர்த்தால், தட்டச்சில் வரும் பெரும்பாலான பிழைகளை மென்பொருளே கண்டுபிடிக்கும். நம் அடையாள அட்டை எண்ணின் கடைசி எழுத்து செய்யும் வேலையும் அதுதான்.

குறியீடு எழுத்தில் தொடங்குவது நல்லது. எண்ணில் தொடங்கினால் எக்செல் முன்னாலுள்ள சுழியங்களை விழுங்கிவிடும். மாதப் பெயர்போல் தோன்றும் எதையும் அது தேதியாக மாற்றிவிடும். இந்தத் தொல்லை தாங்காமல், மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் அனைத்துலகக் குழுவே 2020இல் 'மார்ச் 1', 'செப்ட் 1' போன்ற மரபணுப் பெயர்களை மாற்றியமைத்தது. உங்கள் கோப்பிலும் தேதியை 2025-04-03 என்று ஆண்டை முதலில் வைத்தே எழுதுங்கள். 03/04 என்று எழுதினால் அது மார்ச்சா ஏப்ரலா என்று பத்து வருடம் கழித்து யாராலும் சொல்ல முடியாது.

ஒரு டியூப் ரத்தம் பல குப்பிகளாகப் பிரியும். ஒவ்வொரு குப்பிக்கும் தனி எண் வேண்டும். எந்தத் தாய் டியூபிலிருந்து வந்தது என்ற தொடர்பும் பதிவில் வேண்டும். அடிப்பாகத்தில் புள்ளிக்கட்டமாகப் பொறிக்கப்பட்ட பார்கோடு கொண்ட குப்பிகள் கிடைக்கின்றன. விலை சற்றுக் கூடுதல்தான், ஆனால் நீண்டகால ஆய்வு என்றால் தயங்காமல் வாங்குங்கள். லேபிள் ஒட்டுவதானால் உறைநிலைக்கென்றே தயாரித்த லேபிள் மட்டும். ஒட்டும்போது குப்பி காய்ந்தும் அறை வெப்பத்திலும் இருக்க வேண்டும். பனி படிந்த குப்பியில் ஒட்டியது நிச்சயம் உரியும். புது லேபிள் சுருளை வாங்கியதும் பத்துக் குப்பியில் ஒட்டி உறைய வைத்து, எடுத்து, ஆல்கஹால் பஞ்சால் தேய்த்து, மறுபடி ஸ்கேன் செய்து பாருங்கள். அதில் தேறினால்தான் உண்மையான மாதிரிக்குப் பயன்படுத்தலாம்.

படி 3: கடிகாரத்தையும் பதியுங்கள்

புதியவர்கள் அதிகம் கோட்டைவிடும் இடம் இது. ரத்தம் டியூபுக்குள் வந்த பிறகும் அதன் செல்கள் உயிரோடுதான் இருக்கின்றன. அறை வெப்பத்தில் சும்மா வைத்தால் அவை மணிக்குச் சுமார் 5 முதல் 7 விழுக்காடு குளுக்கோஸைத் தின்றுவிடும். சிவப்பணுக்கள் உடைந்தால் உள்ளிருக்கும் பொட்டாசியம் வெளியே வந்து அளவைக் கூட்டிக் காட்டும். காலை ஒன்பதுக்கு எடுத்து பத்துக்குப் பிரித்த ரத்தமும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டுக்குப் பிரித்த ரத்தமும் ஒன்றல்ல. பின்னாளில் ஆய்வாளர் காணும் வேறுபாடு நோயால் வந்ததா, மேசையில் காத்திருந்ததால் வந்ததா என்று தெரியாமல் போனால் முழு ஆய்வும் வீண்.

குறைந்தது நான்கு நேரங்களைப் பதியுங்கள்: எடுத்த நேரம், ஆய்வகத்துக்கு வந்த நேரம், ரத்தத்தைப் பாகங்களாகப் பிரிக்க சென்ட்ரிஃபியூஜில் சுழற்றிய நேரம், உறைபெட்டிக்குள் போன நேரம். டியூபின் வகையும் வேண்டும். ஊதா மூடி என்றால் ரத்தம் கட்டியாகாமல் தடுக்கும் இ.டி.டி.ஏ கலந்தது, பிளாஸ்மாவுக்கும் (கட்டியாகாத ரத்தத்தின் திரவப் பகுதி) டிஎன்ஏவுக்கும் உகந்தது. சீரம் (ரத்தம் கட்டியான பிறகு பிரியும் திரவம்) எடுக்கும் டியூப் என்றால் ரத்தம் கட்டியாக அரை மணி நேரமாவது நிற்க வேண்டும். அறுவை சிகிச்சையில் வெட்டியெடுத்த திசுவுக்கு, ரத்த ஓட்டம் நின்றதிலிருந்து குளிரில் உறையும்வரை ஆன நேரம் முக்கியம். இந்த விவரங்களைச் சுருக்கக் குறியீடாக எழுத ஸ்ப்ரெக் என்ற அனைத்துலக முறை இருக்கிறது. புதிதாகத் தொடங்குபவர்கள் அதையே பின்பற்றலாம்.

தாமதமானால் பொய் நேரம் எழுதாதீர்கள். "எடுத்துவரத் தாமதம், 3 மணி 40 நிமிடம்" என்று உண்மையைப் பதிந்த மாதிரிக்கு இன்னும் பயன் உண்டு. சில சோதனைகளுக்கு அது போதும். ஒழுங்காகத் தோன்றுவதற்காக எழுதிய நேரம் அருகிலுள்ள நல்ல மாதிரிகளையும் சேர்த்துச் சந்தேகத்துக்கு உள்ளாக்கும்.

படி 4: ஒவ்வொரு குழிக்கும் முகவரி

முதலில் கணக்குப் போடுங்கள். ஒருவரிடமிருந்து ஆறு பிளாஸ்மா, மூன்று சீரம், ஒரு வெள்ளணுப் படலம் என்று பத்துக் குப்பி வருவதாக வைத்துக்கொள்வோம். 500 பேர் என்றால் 5,000 குப்பி. ஒன்பதுக்கு ஒன்பது என்ற 81 குழிப் பெட்டியில் அது 62 பெட்டி. இந்தக் கணக்கைப் போடாமல் ஆய்வைத் தொடங்கி, பாதியில் "ஃப்ரீசரில் இடமில்லை" என்று ஓடுபவர்கள் நிறைய. கடைசி நேரத்தில் கிடைத்த இடத்தில் செருகியவைதான் பிறகு தொலைகின்றன.

ஃப்ரீசர், தட்டு, ரேக், பெட்டி, குழி என்று ஐந்து நிலையில் முகவரி வையுங்கள். பெட்டியின் எந்த மூலை முதல் குழி என்பதை மூடியிலும் அடிப்பெட்டியிலும் குறியுங்கள். மூடியை மட்டும் நம்பினால், அதைத் திருப்பி மூடிய நாளில் 81 குப்பியும் இடம் மாறிவிடும். ஒருவருடைய எல்லாக் குப்பிகளையும் ஒரே ஃப்ரீசரில் வைக்காதீர்கள். பாதியை வேறு ஃப்ரீசரில், முடிந்தால் வேறு கட்டடத்தில் வையுங்கள்.

பதிவேட்டுக்கு எக்செல் போதுமா என்று கேட்பார்கள். ஒருவர் மட்டும் கையாளும் சில நூறு குப்பிகளுக்குச் சமாளிக்கலாம். அதற்கு மேல் போனால் மாதிரி மேலாண்மை மென்பொருள் தேவை. ஓப்பன்ஸ்பெசிமன் போன்றவை இதற்கென்றே இருக்கின்றன. எதைத் தேர்ந்தாலும் மூன்றைக் கேளுங்கள்: ஒவ்வொருவருக்கும் தனி உள்நுழைவு உண்டா, யார் எப்போது எதை மாற்றினார் என்ற தடம் அழியாமல் இருக்குமா, ஒரே குழியில் இரண்டு குப்பியை வைக்க முயன்றால் தடுக்குமா. நிறுவனத்துக்குத் தரச் சான்றிதழ் வாங்கும் எண்ணம் இருந்தால், உயிரிவங்கிகளுக்கான (மாதிரிச் சேமிப்பகங்களுக்கான) ஐஎஸ்ஓ 20387 என்ற 2018ஆம் ஆண்டுத் தர நெறியும் இந்தத் தடத்தைத்தான் தேடும்.

படி 5: குளிரைக் காவல் காத்தல்

பிளாஸ்மா, சீரம், டிஎன்ஏ போன்றவை பொதுவாக மைனஸ் 80 டிகிரி செல்சியஸில் இருக்கும். உயிருள்ள செல்களுக்கு அது போதாது. சுமார் மைனஸ் 135 டிகிரிக்குக் கீழே போனால்தான் செல்லுக்குள் இருக்கும் நீர் கண்ணாடிபோல் அசைவற்று நிற்கும். ஆகவே அவை திரவ நைட்ரஜன் தொட்டிக்குப் போகின்றன. திரவ நைட்ரஜனின் கொதிநிலை மைனஸ் 196 டிகிரி. பெரும்பாலும் குப்பிகளைத் திரவத்தில் முக்காமல் அதன் ஆவியில் வைப்பதே நல்லது. திரவம் குப்பிக்குள் கசிந்து, வெளியே எடுக்கும்போது ஆவியாகி வெடிக்கும் ஆபத்து குறையும். அந்த அறையில் ஆக்சிஜன் அளவுமானி கட்டாயம். ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் சுமார் 700 லிட்டர் வாயுவாக விரியும். அதற்கு மணமில்லை, நிறமில்லை, மூச்சுத் திணறுவதும் தெரியாது. நைட்ரஜன் கலனோடு யாரும் மின்தூக்கியில் போகக் கூடாது. கலன் தனியாகப் போக வேண்டும்.

நம் ஊர் ஈரக்காற்றுக்குத் தனிக் கவனம் தேவை. கதவை ஒரு நிமிடம் திறந்தாலே உள்ளே பனி படியும். ரப்பர் விளிம்பில் பனி ஏறினால் கதவு முழுதாக மூடாது, மோட்டார் ஓயாமல் ஓடும், கடைசியில் கைவிடும். வாரம் ஒருமுறை விளிம்பைத் துடையுங்கள், வடிகட்டியின் தூசியை மாதம் ஒருமுறை எடுங்கள். திறப்பதற்கு முன்பே எந்தப் பெட்டி, எந்தக் குழி என்று பட்டியலைக் கையில் வைத்திருங்கள். கதவைத் திறந்துவைத்துக்கொண்டு தேடக் கூடாது.

இனி எச்சரிக்கை மணி. 2012இல் பாஸ்டன் அருகே மெக்லீன் மருத்துவமனையிலுள்ள ஹார்வர்ட் மூளை வங்கியில் ஒரு ஃப்ரீசர் நின்றுபோனது. வெளித்திரை சரியான குளிரையே காட்டிக்கொண்டிருந்தது, எச்சரிக்கை மணிகளும் அடிக்கவில்லை. ஆட்டிசம் ஆய்வுக்காகச் சேமித்த மூளைகள் உட்படப் பல கெட்டுப்போன பிறகுதான் கதவைத் திறந்து பார்த்தார்கள். ஃப்ரீசரின் சொந்தத் திரையை நம்பாமல், தனி மின்கலத்தில் இயங்கும் இன்னொரு வெப்பமானியை உள்ளே வைக்க வேண்டும் என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம். 2023 டிசம்பரில் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் கிறிஸ்துமஸ் விடுமுறையின்போது தொட்டிகளுக்கு நைட்ரஜன் வரத்து நின்றது. பல ஆண்டுகளாகச் சேர்த்த ரத்தப் புற்றுநோய் மாதிரிகள் அழிந்தன. நமக்கு அந்த ஆபத்து நாள் சீனப் புத்தாண்டு. எங்கள் குழுவில் சீனப் புத்தாண்டின் இரண்டு நாளும் நானும் மலாய் நண்பர் ஒருவரும் அழைப்புப் பொறுப்பில் இருப்போம். தீபாவளிக்கும் நோன்புப் பெருநாளுக்கும் மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். கைப்பேசிக்கு வரும் எச்சரிக்கையை முதல் ஆள் பத்து நிமிடத்தில் எடுக்காவிட்டால் அடுத்தவருக்குப் போகும்படி அமையுங்கள். மாதம் ஒருமுறை வேண்டுமென்றே மணியை அடிக்கவைத்துச் சோதியுங்கள்.

மூன்றாவது சம்பவம் மனிதர்களைப் பற்றியது. நியூயார்க் மாநிலத்திலுள்ள ரென்சலர் பல்தொழில்நுட்பக் கழகத்தில் 2020இல், பழுதான ஃப்ரீசரின் மணி ஓயாமல் ஒலித்தது. "பிடுங்க வேண்டாம்" என்று அறிவிப்பு ஒட்டியிருந்தும், துப்புரவாளர் ஒருவர் உதவி செய்வதாக நினைத்து மின்விசையை அணைத்துவிட்டார். பல ஆண்டு ஆய்வு போனது. அறிவிப்பு மட்டும் போதாது, ஆளிடம் பேச வேண்டும். காலையில் சுத்தம் செய்ய வரும் அண்ணன் தமிழ்நாட்டுக்காரர் என்றால் தமிழிலேயே சொல்லுங்கள்: "அண்ணே, இந்த மணி அடிச்சா எதையும் தொடாதீங்க, இந்த நம்பருக்கு மட்டும் கூப்பிடுங்க." மின்விசைப் பெட்டிக்குப் பூட்டும் போடுங்கள்.

மின்சாரம் இங்கே அரிதாகத்தான் போகும். ஆனாலும் 2018 செப்டம்பரில் ஒரு நள்ளிரவுக்குப் பின் 140,000க்கும் மேற்பட்ட இணைப்புகளில் மின்தடை ஏற்பட்டது. மாற்று மின்னாக்கி எந்தெந்தப் பிளக்குகளுக்கு வருகிறது என்று தெரிந்துவைத்து, ஃப்ரீசரை அதில் மாட்டுங்கள். எப்போதும் ஒரு ஃப்ரீசரைக் காலியாக, குளிரூட்டிய நிலையில் வைத்திருங்கள். மேலாளர்கள் "சும்மா ஓடுதே" என்று அதில் பொருள் வைக்கச் சொல்வார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள்.

படி 6: எடுப்பதும் திருப்பி வைப்பதும்

ஒவ்வொரு கோரிக்கைக்கும் மென்பொருளிலிருந்து எடுப்புப் பட்டியல் அச்சிடுங்கள். ஒப்புதல் அந்த ஆய்வுக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பது இங்கே முதல் வேலை. பெட்டியை டிரை ஐஸ் (உறைந்த கரியமில வாயு) மேல் வைத்து, ஒருவர் எடுக்க, மற்றவர் ஸ்கேன் செய்ய வேண்டும். எண் ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். "பக்கத்துக் குழியில இருந்திருக்கும்" என்று ஊகித்துச் சரிசெய்யக் கூடாது.

உருகி மறுபடி உறைந்த எண்ணிக்கையைப் பதியுங்கள். டிஎன்ஏ ஓரளவு தாங்கும், ஆர்என்ஏவும் பல புரதங்களும் தாங்காது. அதனால்தான் தொடக்கத்திலேயே அரை மில்லிலிட்டர் அளவில் சிறுசிறு குப்பிகளாகப் பிரிப்பது. ஒருமுறைக்கு ஒரு குப்பி என்று செலவழிக்கலாம்.

படி 7: வெளியே அனுப்புதல்

ஆபத்தான பொருள்களை அனுப்புவதற்கான ஐநா எண்களில், பெரும்பாலான ஆய்வு மாதிரிகள் யூஎன் 3373 வகையில் வரும். கசியாத உள்கலன், கசியாத இரண்டாம் கலன், உறுதியான வெளிப்பெட்டி என்று மூன்று அடுக்கு வேண்டும். டிரை ஐஸுக்கு யூஎன் 1845 குறியும் எடையும் பெட்டிமேல் எழுத வேண்டும். டிரை ஐஸ் வாயுவாக மாறிக்கொண்டே இருப்பதால் பெட்டியைக் காற்றுப்புகாமல் மூடக் கூடாது, வெடிக்கும். வெள்ளிக்கிழமை அனுப்பாதீர்கள். போய்ச் சேர்ந்ததற்கான கையெழுத்தும், திறந்தபோது டிரை ஐஸ் மிச்சமிருந்ததா என்ற பதிலும் வரும்வரை அந்தப் பதிவை முடிக்காதீர்கள்.

படி 8: எண்ணிப் பார்த்தல்

மாதம் 40 குப்பி. இருபதைப் பதிவேட்டிலிருந்து குலுக்கல் முறையில் தேர்ந்து ஃப்ரீசரில் தேடுங்கள். மற்ற இருபதை ஃப்ரீசரிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் பதிவேட்டில் தேடுங்கள். முதலாவது தொலைந்ததைக் காட்டும். இரண்டாவது ஊர் பேர் தெரியாமல் உட்கார்ந்திருப்பதைக் காட்டும். பலர் முதலாவதை மட்டும் செய்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். பிழை கிடைத்தால் யார் செய்தது என்று தேடுவதற்கு முன், அந்த நாளில் அந்தப் பெட்டியில் கைவைத்த எல்லாக் குப்பியையும் சரிபாருங்கள். ஒரு குழி தவறினால் வரிசை முழுதும் தவறியிருக்க வாய்ப்புண்டு.

படி 9: "எனக்கு வேண்டாம்பா" என்று ஒருவர் சொன்னால்

ரத்தம் கொடுத்தவர் பின்னால் மனம் மாறலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. மாதிரி இன்னாருடையது என்று அடையாளம் காணக்கூடியதாக இருந்து, இன்னும் ஆய்வில் பயன்படாமல் இருந்தால், அல்லது பயன்பட்டிருந்தாலும் மேற்கொண்டு பயன்படுத்துவதை நிறுத்த முடியுமென்றால், ஒப்புதலைத் திரும்பப் பெற அவருக்கு உரிமை உண்டு. இதுவரை செய்த ஒவ்வொரு படியும் நேர்மையாகச் செய்யப்பட்டதா என்று இந்த நாளில் தெரிந்துவிடும்.

முதலில் அந்த எண்ணின் கீழ் வரும் எல்லாக் குப்பிகளையும் மென்பொருளில் பூட்டுங்கள், வேறு யாரும் எடுக்க முடியாதபடி. பிறகு தாய் டியூபிலிருந்து பிரிந்த கிளை முழுவதையும் பட்டியலிடுங்கள்: பத்துப் பிரித்தோம், ஒன்று சோதனைக்குப் போய்த் தீர்ந்தது, இரண்டு வேறு கட்டடத்தில், ஒன்று கூட்டாளி ஆய்வகத்தில். கூட்டாளிக்கு எழுத்தில் அறிவித்து, அவர்கள் அழித்ததற்கான சான்றை வாங்குங்கள். இங்கே இருப்பதை இரண்டு பேர் நின்று ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து உயிரியல் கழிவுப் பையில் போட்டு, இருவரும் கையெழுத்திடுங்கள். அவருக்குப் புரியும் மொழியில், தமிழர் என்றால் தமிழில், எத்தனை குப்பி அழிக்கப்பட்டது, ஏற்கெனவே பயன்பட்டது எது என்று கடிதம் அனுப்புங்கள்.

பதிவேட்டிலுள்ள வரியை மட்டும் நீக்காதீர்கள். அந்த எண்ணுக்கு எதிரே "அழிக்கப்பட்டது" என்றும் தேதியும் இருக்கட்டும். அந்த எண்ணை இனி எந்தக் குப்பிக்கும் கொடுக்கக் கூடாது.